கையெழுத்துப் போட ஒரு ஆள்



பெரியம்மாவுக்கு 71 வயது. கண் ஒப்பரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். அதற்கு முன் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்கள். ஊரில் ஒரு தனியார் பரிசோதனை நிலையத்தில் எடுத்தோம். பத்து நிமிட வேலை.

ரோஜா நிறத்தில் கட்டம் போட்ட தாள். அதில் நெளிநெளியாகக் கோடுகள். மேல் ஓரத்தில் ஆங்கிலத்தில் இரண்டு மூன்று வரி. பேத்தி ஏ.எல். படிக்கிறாள், ஓட்டோவில் வரும்போதே வாசித்துவிட்டாள். "அம்மம்மா, உங்கட வயசு தெரியாதாம் எண்டு போட்டிருக்கு."

"எண்ட வயசு அதுக்குத் தெரியாட்டிக் காரியமில்ல புள்ள. மிச்சம் என்ன போட்டிருக்கு?"

மிச்சத்தில் இருந்தது 'இன்ஃபார்க்ட்' என்ற சொல். பிள்ளை அதைப் போனில் தேடிப் பார்த்தாள். மாரடைப்பில் இதயத் தசை செத்துப்போவதற்குத்தான் அந்தப் பேர்.

அதற்குப் பிறகு அந்த வீடு வீடாக இல்லை. சுவிஸில் இருக்கும் மகன் இரவு பதினொரு மணிக்கு வீடியோ கோல் எடுத்து அழுகிறார். பெரியம்மா சாமிப் படத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, கண் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, நெஞ்சைக் கிழிக்க மட்டும் விடமாட்டேன் என்கிறார். அவருக்கு நெஞ்சு நோ இல்லை, இளைப்பு இல்லை. இரண்டு நாளாகச் சோறும் இறங்கவில்லை, நித்திரையும் இல்லை. எல்லாம் தாளின் ஓரத்தில் இருந்த ஒரு வரியால்.

மூன்றாம் நாள் இதய டொக்டரிடம் கூட்டிப் போனோம். அவர் அந்த வரியை முதலில் பார்க்கவேயில்லை. பெரியம்மாவின் கிளினிக் கொப்பியைப் புரட்டி, மூன்று வருடத்துக்கு முந்திய ஈ.சி.ஜி. ஒன்றைத் தேடி எடுத்துப் புதியதோடு பக்கத்தில் வைத்தார். "கோயிலுக்கு நடந்துதானே போறீங்க? படி ஏறினா மூச்சு வாங்குமா?" என்று கேட்டார். பிறகு படுக்கவைத்து இன்னொரு ஈ.சி.ஜி. எடுத்தார். இடையில் ஓரிடத்தில், "மூச்சை நல்லா உள்ளுக்கு இழுத்துப் பிடிச்சிருங்கம்மா" என்றார். மூச்சை இழுத்துப் பிடித்தபோது, மெஷின் சந்தேகப்பட்ட அந்தக் குழி விழுந்த கோடு கிட்டத்தட்டக் காணாமல் போனது. சிலருக்கு இதயம் நெஞ்சுக்குள் கொஞ்சம் சாய்ந்து படுத்திருக்கும், அதனால் வரும் அடையாளம் இது, தசை சாகவில்லை என்று விளங்கப்படுத்தினார். பேனையால் அந்த வரியை வெட்டி, பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அந்த 'வயது தெரியவில்லை' என்பதையும் கேட்டோம். அது பெரியம்மாவின் வயது இல்லையாம். தசை பாதிக்கப்பட்டது எப்போது என்று சொல்ல முடியாது என்பதை மெஷின் அப்படி எழுதுமாம். அதற்குக் கீழேயே இன்னொரு சொல்லும் இருந்தது: 'அன்கன்ஃபேர்ம்ட்'. டொக்டர் ஒருவர் பார்த்து உறுதிப்படுத்தாதது என்று அர்த்தம். எங்கள் வீட்டில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. உங்கள் வீடாக இருந்தால் கவனித்திருப்பீர்களா?

இந்த மாதம் இந்தப் பக்கத்தில் செயற்கை நுண்ணறிவு (ஏ.ஐ.) பற்றிக் கதைக்க வேண்டும் என்று நினைத்தது இதனால்தான். ஈ.சி.ஜி.யைக் கணினியால் வாசிக்கும் முயற்சி 1960களிலேயே தொடங்கிவிட்டது. அந்த மெஷின்களுக்கு மனிதர் விதிகளை எழுதிக்கொடுத்தார்கள்: கோடு இத்தனை ஆழம் இறங்கினால் இப்படிச் சொல் என்று. இப்போது வருகிற ஏ.ஐ.க்கு அப்படி ஒருவரும் விதி எழுதிக் கொடுப்பதில்லை. பல்லாயிரம் பேரின் ஈ.சி.ஜி.யை அதன் முன்னால் கொட்டுகிறார்கள். அது தானாகப் பார்த்துப் பழகிக்கொள்கிறது.

பழகி என்ன செய்கிறது என்று கேட்டால் உண்மையிலேயே ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. அமெரிக்காவின் மயோ கிளினிக்கில் கிட்டத்தட்ட 45,000 பேரின் ஈ.சி.ஜி.யையும், இதயத்தை ஸ்கான் செய்து பார்க்கும் எக்கோவையும் சேர்த்து ஒரு மெஷினுக்குப் பழக்கினார்கள். இதயம் இரத்தத்தைத் தள்ளும் பலம் குறைந்திருக்கிறதா என்பதை, எக்கோ எடுக்காமல் வெறும் ஈ.சி.ஜி.யைப் பார்த்தே அது சொல்லத் தொடங்கியது. 2019இல் அதை வெளியிட்டார்கள். பிறகு சாதாரண குடும்ப டொக்டர்மாரிடம் 22,000க்கு மேற்பட்ட நோயாளிகளிடையே சோதித்து 2021இல் வெளியிட்ட முடிவின்படி, மெஷின் இல்லாமல் ஆயிரம் பேரில் 16 பேருக்குக் கண்டுபிடிபட்ட இந்த நோய் மெஷின் துணையோடு 21 பேருக்குக் கண்டுபிடிபட்டது. அந்த ஐந்து பேரும் ஐந்து குடும்பங்கள். அதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்லமாட்டேன்.

அதே ஆட்கள் செய்த இன்னொரு ஆய்வில், ஈ.சி.ஜி.யை மட்டும் பார்த்து அது ஆணுடையதா பெண்ணுடையதா என்று பத்துக்கு ஒன்பது தரம் மெஷின் சரியாகச் சொன்னது. எந்த டொக்டராலும் அப்படிப் பார்த்துச் சொல்ல முடியாது. எதை வைத்து அது சொல்கிறது என்பதும் ஒருவருக்கும் முழுதாக விளங்கவில்லை. எனக்கு வியப்பும் பயமும் ஒன்றாக வந்த இடம் இதுதான். காரணம் சொல்லத் தெரியாத ஒன்று சரியாகச் சொல்லும்போது சந்தோஷம். அது பிழையாகச் சொல்லும்போது, ஏன் பிழைத்தது என்று யாரிடம் போய்க் கேட்பது?

ஆனாலும் அதை வேண்டாம் என்று சொல்வதற்கு முன், எங்கள் மட்டக்களப்பு வாவியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 56 கிலோமீற்றர் நீளத்தில் கிடக்கிறது. கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. போதனா வைத்தியசாலை எழுவான்கரைப் பக்கம். வெள்ளாமையும் மாடுகளும் வட்டைகளும் படுவான்கரைப் பக்கம். 2014இல் மண்முனையில் பாலம் வரும்வரை, அந்த வழியால் போகிறவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தாலும் பாதைக்காகக் காத்துநிற்கத்தான் வேண்டியிருந்தது. (வெளியூர் வாசகர்களுக்கு: வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றி இக்கரைக்கும் அக்கரைக்கும் போகும் மிதவைப் படகைத்தான் நாங்கள் 'பாதை' என்போம்.) பாலம் வந்தது. 1990 என்ற இலக்கத்துக்குக் கோல் எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வருகிறது. ஆனால் தூரம் தூரம்தான். மாரி வெள்ளம் வந்தால் அது இன்னும் கூடும்.

மாரடைப்பில் நிமிடத்துக்கு நிமிடம் தசை சாகும். அடைப்பைக் கரைக்கும் ஊசியைச் சிறிய ஆஸ்பத்திரியிலும் போடலாம். ஆனால் இது மாரடைப்புத்தானா என்று ஈ.சி.ஜி.யைப் பார்த்துத் திடமாகச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். மாரடைப்பே இல்லாதவருக்கு அந்த ஊசியைப் போட்டால் பலனில்லை என்பதோடு நிற்காது. மூளையில் இரத்தம் கசிந்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. இருக்கிறவருக்குப் போடாமல் விட்டால் இதயம் போய்விடும். கிராமத்து ஆஸ்பத்திரியில் இரவு இரண்டு மணிக்குத் தனியாக நிற்கும் ஒரு இளம் டொக்டருக்கு, அந்த நேரத்தில் சரியாக வாசிக்கும் ஒரு துணை கிடைத்தால் அது எத்தனை பெரிய உதவி!

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். கோயம்புத்தூரின் டொக்டர் தோமஸ் அலெக்ஸாண்டர், சென்னையின் டொக்டர் அஜித் முல்லசரி போன்றவர்கள் முன்னின்று சிறிய ஆஸ்பத்திரிகளையும் பெரிய ஆஸ்பத்திரிகளையும் அம்புலன்ஸ்களையும் ஒரு வலையாகக் கட்டினார்கள். கிராமத்தில் எடுத்த ஈ.சி.ஜி. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும், அங்கிருந்து பதில் வரும், நோயாளியை எங்கே கொண்டுபோவது என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்கும். 2,420 நோயாளிகளை வைத்து 2017இல் வெளியிட்ட கணக்கின்படி, மாரடைப்பு வந்து ஒரு வருடத்துக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 17.6இலிருந்து 14.2 ஆகக் குறைந்தார்கள். அந்த வலையின் பலம் ஏ.ஐ. அல்ல. ஆட்களும், அம்புலன்ஸும், ஒருவரோடு ஒருவர் செய்துகொண்ட ஏற்பாடும்தான்.

அப்படி ஒரு வலை இருக்கிற இடத்தில் ஏ.ஐ. வந்து உட்கார்ந்தால் நல்லது நடக்கும். பெங்களூரில் டொக்டர் சரித் போக்ராஜ் தொடங்கிய ட்ரைகொக் என்ற நிறுவனம் செய்வது அதைத்தான். சிறிய கிளினிக்கில் எடுத்த ஈ.சி.ஜி.யை முதலில் மெஷின் வாசிக்கும். பிறகு அந்த நிறுவனத்தில் உட்கார்ந்திருக்கும் டொக்டர் பார்த்து உறுதிசெய்வார். சில நிமிடங்களில் கிராமத்துக்குப் பதில் போகும். கோவா அரசு 2018இல் தன் மாரடைப்புத் திட்டத்தில் இந்த முறையைச் சேர்த்துக்கொண்டது. மெஷின் முந்திக்கொள்கிறது. ஆனால் முடிவில் ஒரு மனிதர் பார்க்கிறார், பேர் போடுகிறார்.

அந்த மனிதரை எடுத்துவிட்டு மெஷினை மட்டும் தந்தால்? என் பயம் முழுதும் அங்கேதான் இருக்கிறது.

ஏனென்றால் ஆசை காட்டும் நேரம் இது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எத்தனை டொக்டர்மார் நாட்டைவிட்டுப் போனார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். படித்து முடித்த எங்கள் பிள்ளைகளும் அதில் இருக்கிறார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஆள் இல்லாத இடத்துக்கு மெஷின் வருகிறது என்று யாராவது சொன்னால், நாங்கள் நன்றி சொல்லி வாங்கிக்கொள்வோம். கொழும்பில் மெஷினும் டொக்டரும். படுவான்கரையில் மெஷின் மட்டும். இப்படி ஒரு ஏற்பாடு அறிவிக்காமலே வந்துவிடும். அது வந்த பிறகு, முன்பு ஒன்றுமே இல்லையே, இது பரவாயில்லைத்தானே என்பார்கள். பரவாயில்லையா?

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. மெஷின் யாருடைய இதயத்தைப் பார்த்துப் பழகியது?

அமெரிக்காவில் ஃப்ரேமிங்ஹாம் என்று ஒரு ஊர். 1948இல் அந்த ஊர்க்காரர் 5,209 பேரைச் சேர்த்து, வருடக்கணக்காகப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள். புகைத்தல், பிரஷர், கொலஸ்ட்ரோல் எல்லாம் இதயத்தைக் கெடுக்கும் என்று இன்று உலகமே பேசுவதற்கு அந்த ஊர்க்காரர் செய்த உதவி பெரியது. ஆனால் அவர்கள் கிட்டத்தட்ட எல்லோருமே வெள்ளையர். அவர்களை வைத்துப் போட்ட கணக்கைத்தான் உலகம் முழுக்க எல்லோர் நெஞ்சுக்கும் பாவித்தார்கள்.

எங்கள் நெஞ்சு வேறு கணக்கில் ஓடுகிறது. இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ், நேபாளம், இலங்கை ஆகிய ஐந்து நாட்டையும் சேர்த்த ஆய்வு ஒன்று 2007இல் வந்தது. முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது எங்கள் பக்கத்தில் 53. மற்ற நாடுகளில் 58.8. கிட்டத்தட்ட ஆறு வருடம் முந்திவிடுகிறது! 53 வயது என்றால் எங்கள் வீடுகளில் என்ன காலம்? மூத்தவளுக்கு வீடு கட்டிக் குறையில் நிற்கும். இளையவன் கம்பஸ் போயிருப்பான். லோன் பாதிதான் கட்டி முடிந்திருக்கும். வேறு நாட்டு உடம்பைப் பார்த்துப் பழகிய மெஷின், இந்த 53 வயதுக்காரரைப் பார்த்து உங்களுக்கு ஆபத்துக் குறைவு என்று சொன்னால், அந்தச் சொல்லை நம்பி அவர் மறுநாள் வயலுக்குப் போவார்.

இந்தியாவில் அப்பலோ மருத்துவமனைகள் மைக்ரோசொஃப்டோடு சேர்ந்து, இந்தியர்களின் பதிவுகளைக்கொண்டே ஒரு இதய ஆபத்துக் கணக்கை 2018இல் கொண்டுவந்தன. சரியான திசை. ஆனாலும் நான் கேட்பேன்: அப்பலோவுக்குப் போக வசதியுள்ளவர்களின் பதிவில், வெயிலில் நின்று வெள்ளாமை வெட்டுகிறவரின் உடம்பு எவ்வளவு இருக்கும்? வாவியில் இரவு முழுதும் வலை போடுகிறவருடைய உடம்பு?

2019இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு விஷயம் என் மனத்தை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. யாருக்குக் கூடுதல் கவனிப்புத் தேவை என்று ஆஸ்பத்திரிகளுக்குச் சொல்லும் ஒரு கணினிக் கணக்கு. அது நோயை நேரடியாக அளக்கவில்லை. ஒருவருடைய வைத்தியத்துக்கு எவ்வளவு செலவானது என்பதைப் பார்த்தது. செலவு குறைவு என்றால் நோயும் குறைவு என்று எடுத்துக்கொண்டது. கறுப்பினத்தவர்களுக்கு வைத்தியம் கிடைத்ததே குறைவு, அதனால் செலவும் குறைவு. மெஷின் அவர்களை ஆரோக்கியமானவர்கள் என்று கருதி வரிசையில் பின்னால் தள்ளிவிட்டது. ஒருவரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை.

எங்கள் பகுதியில் அப்படி ஒரு கணக்கைப் போட்டால்? அறுவடை முடியட்டும், பிறகு கிளினிக்குக்குப் போவோம் என்று நாளைக் கடத்தும் பெண்களை எங்களுக்குத் தெரியும். வெளிநாட்டில் வீட்டுவேலைக்குப் போய் ஐந்தாறு வருடம் ஒரு டொக்டரையும் பாராமல் திரும்பி வந்தவர்களையும் தெரியும். கொப்பியில் பதிவு இல்லாததால் அவர்கள் சுகமாக இருக்கிறார்கள் என்று நாங்கள் நினைக்கமாட்டோம். மெஷின் நினைக்கும்.

பெண்களைப் பற்றிச் சொன்னால், மாரடைப்பு அவர்களுக்கு எப்போதும் சினிமாவில் வருவதுபோல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருவதில்லை. தாடை நோகும், முதுகு நோகும், ஓங்காளிக்கும், காரணமில்லாமல் களைத்துப்போகும். "வாய்வு புடிச்சிருக்கு" என்று இஞ்சிப் பிளேன்டீ குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வார்கள். எங்கள் பெண்கள் 'வாய்வு' என்று எதையெதையெல்லாம் சொல்கிறார்கள் என்பது, இந்த ஊர் ஆஸ்பத்திரியில் நாலு வருடம் வேலைசெய்த எந்தத் தாதிக்கும் தெரியும். அமெரிக்காவில் பழகிய ஒரு மெஷினிடம் தமிழில் 'வாய்வு' என்று எழுதிப் பாருங்கள். அது நெஞ்சைப் பற்றி யோசிக்குமா?

யாருடைய காது கேட்கிறது என்பதும் முக்கியம். எங்கள் வாவியில் மீன் பாடும் என்பார்கள். அதைக் கேட்க எங்கள் பெரியவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். நிலாக் காலத்தில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார்கள். சின்ன வயதில் எனக்கும் கேட்கக் கிடைத்திருக்கிறது. 1816இல் பாரிஸில் லெனெக் என்ற டொக்டர் ஒரு தாளைச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டதில்தான் ஸ்டெதஸ்கோப் பிறந்தது என்று பிற்காலத்தில் படித்தபோது, அந்தத் துடுப்பு நினைவுக்கு வந்தது. இரண்டிலும் ஒரு மனிதக் காது மறுமுனையில் இருக்கிறது.

இப்போது ஸ்டெதஸ்கோப்புக்கும் ஏ.ஐ. வந்துவிட்டது. எங்கள் உறவுக்காரர் நிறையப் பேர் குடியிருக்கும் வடமேற்கு லண்டன் உட்படப் பிரிட்டனில் 200க்கு மேற்பட்ட கிளினிக்குகளைச் சேர்த்து ஒரு பெரிய ஆய்வு செய்து, 2025இல் முடிவைச் சொன்னார்கள். அந்த ஸ்டெதஸ்கோப்பால் பார்த்த நோயாளிகளிடம் இதயம் பலவீனமான நோய் 2.3 மடங்கு கூடுதலாகக் கண்டுபிடிபட்டது. நல்ல செய்திதான். ஆனால் அந்த நோய் இருக்கலாம் என்று மெஷின் சந்தேகப்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு, மேலும் பரிசோதித்தபோது அது இல்லை. இன்னொன்றும் தெரியவந்தது: ஒரு வருடம் போவதற்குள் பெரும்பாலான கிளினிக்குகள் அதைப் பாவிப்பதை விட்டுவிட்டன, அல்லது எப்போதாவதுதான் பாவித்தன.

லண்டனில் சந்தேகம் வந்தால் இன்னொரு இரத்தப் பரிசோதனை, ஒரு எக்கோ. எங்களுக்கு? படுவான்கரையில் உள்ள தும்பங்கேணியிலிருந்து ஒரு தகப்பன் எக்கோவுக்கு வருகிறார் என்று வையுங்கள். விடியக் கருக்கலில் எழும்ப வேண்டும். அவரோடு ஒரு ஆள் வர வேண்டும். ஆக இரண்டு பேரின் நாட்கூலி போய்விட்டது. பஸ் தவறினால் ஓட்டோ. வந்த பிறகு திகதிதான் தருவார்கள். அந்தத் திகதியில் மறுபடியும் வர வேண்டும். இடையில் உள்ள நாட்களில் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பதை என் பெரியம்மா வீட்டில் பார்த்துவிட்டேன். மூன்று பேரில் இரண்டு பேர் சும்மா பயந்து, சும்மா அலைந்து திரும்புவார்கள். மூன்றாமவர் பிழைத்துக்கொள்வார். அந்த மூன்றாமவருக்காக மற்ற இருவரும் அலையத்தான் வேண்டுமா? என் பதில், ஆம், அலையலாம். ஆனால் முதல் நாளே ஒருவர் எதிரில் உட்கார்ந்து, "மெஷின் சந்தேகப்படுது, அவ்வளவுதான். இப்பிடிச் சந்தேகப்பட்ட மூண்டு பேர்ல ரெண்டு பேருக்கு ஒண்டும் இருக்கிறதில்ல" என்று தமிழில் சொல்லிவிட்டு அனுப்ப வேண்டும். அந்த இரண்டு வசனத்துக்குக் காசு செலவில்லை. அதைச் சொல்லாமல் தாளை மட்டும் கையில் கொடுத்து அனுப்புவதைத்தான் நான் அநியாயம் என்கிறேன்.

சரி, பிழை நடந்துவிட்டது என்று வைப்போம். யார் பொறுப்பு?

மெஷின் செய்த நிறுவனம், நாங்கள் ஆலோசனைதான் சொன்னோம், முடிவு டொக்டருடையது என்னும். டொக்டர், மெஷின் நோர்மல் என்று காட்டியது என்பார். ஆஸ்பத்திரி, எல்லாம் விதிப்படி நடந்தது என்னும். ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் ஒரு ஆள் குறைந்துவிட்டார்.

டொக்டர்மாரின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். விடிய விடிய வேலைசெய்து களைத்த ஒருவர், மெஷின் நோர்மல் என்று சொன்ன பிறகும், இல்லை, எனக்குச் சந்தேகமாக இருக்கிறது என்று நிற்பது லேசான காரியமில்லை. மெஷின் ஆபத்து என்று சொல்லும்போது, இல்லை, ஒன்றுமில்லை என்று வெட்டிக் கையெழுத்துப் போடுவது அதைவிடக் கஷ்டம். என் பெரியம்மாவின் டொக்டர் அதைச் செய்தார். நாளை அவருக்கு மேலே இருப்பவர்கள், ஏன் மெஷினை மீறினீர்கள் என்று கேள்வி கேட்கத் தொடங்கினால், எத்தனை பேர் மீறுவார்கள்? உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்தியத்தில் ஏ.ஐ. பற்றி ஒரு வழிகாட்டலை வெளியிட்டது. வைத்திய முடிவுகள் மனிதரின் கையிலேயே இருக்க வேண்டும் என்பது அதன் முதல் கொள்கைகளில் ஒன்று. சொல்வது சரி. ஆனால் முடிவைக் கையில் வைத்திருக்கும் அந்த மனிதருக்கு நேரமும் தைரியமும் இருக்கும்படி நாங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆஸ்பத்திரியில் எங்களிடம் எத்தனை இடத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள்! ஒப்பரேஷனுக்கு ஒன்று, மயக்க மருந்துக்கு ஒன்று. வாசிக்காமலே போடுகிறோம், "டொக்டர் சொன்னாச் சரிதானே" என்று. அந்த நம்பிக்கையை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்த நம்பிக்கையில்தான் எங்கள் இலவச வைத்தியம் இவ்வளவு காலம் ஓடியிருக்கிறது. நான் கேட்பது மறுபக்கத்துக் கையெழுத்தை. மெஷின் சொன்னது இது, நான் பார்த்து முடிவெடுத்தது இது, காரணம் இது என்று, பேர் உள்ள, போய்க் கேட்டால் பதில் சொல்லக்கூடிய ஒருவர் எங்களுக்குப் போட்டுத் தரும் கையெழுத்து.

இந்த நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. உடல்நலம் பற்றிய தரவுகள் விசேடமாகப் பாதுகாக்கப்பட வேண்டியவை என்று அது சொல்கிறது. மனிதர் தலையிடாமல் மெஷின் மட்டுமே எடுத்த முடிவை மறுபரிசீலனை செய்யும்படி கேட்கவும் அதில் இடமுண்டு. இப்படி ஒரு உரிமை அந்தச் சட்டத்தில் எழுதப்பட்டிருப்பது எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மெஷினை ஆஸ்பத்திரி கொண்டுவரும்வரை நாங்கள் காத்திருப்பதுமில்லை. அது ஏற்கெனவே எங்கள் கையில் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு வந்தவுடன் என்ன செய்கிறோம்? டயக்னோசிஸ் கார்ட் முழுக்க ஆங்கிலம். பிள்ளை போனில் ஒரு படம் எடுத்து ஏ.ஐ. செயலிக்குள் போட்டு, "இதைத் தமிழில் விளக்கு" என்கிறது. நானும் செய்திருக்கிறேன். நன்றாகவே விளக்குகிறது, எந்தக் குளிசை கொழுப்புக்கு, எது இரத்தத்தை இளக்க என்று சொல்கிறது. கார்டைக் கையில் வைத்துக்கொண்டு விளங்காமல் முழித்த காலத்தை நினைத்தால் இது பெரிய விடுதலை. ஆனால் அந்தப் படத்தில் என்னவெல்லாம் போகிறது? பேர், வயது, ஊர், கிளினிக் நம்பர், இதயத்தில் எத்தனை அடைப்பு என்பது வரை. நாளை இன்சூரன்ஸ் எடுக்கப் போகிறவரும், வெளிநாட்டு வேலைக்கு மெடிக்கல் போகிறவரும் உங்கள் வீட்டில்தான் இருக்கிறார். படம் எடுக்கும்போது மேல் பாதியை ஒரு தாளால் மறைத்துக்கொள்ளுங்கள். விளக்கம் கேளுங்கள், குளிசையைக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ அதனிடம் கேட்காதீர்கள்.

நெஞ்சு நோகும்போதும் அதனிடம் கேட்காதீர்கள், தயவுசெய்து. நெஞ்சு அடைக்கிறது, கைக்கு இழுக்கிறது, வியர்த்துக் கொட்டுகிறது என்றால் போனில் அழுத்த வேண்டியது 1990 மட்டும்.

பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பும் கைக்கடிகாரம் பற்றியும் இரண்டு வாசகர்கள் கேட்டிருந்தார்கள். நாடித்துடிப்பு ஒழுங்கில்லை என்று அது எச்சரித்தால் என்ன செய்வது என்று. அமெரிக்காவில் அப்பிள் கடிகாரத்தை வைத்து 4,19,297 பேரிடம் செய்த ஆய்வில், கிட்டத்தட்ட இருநூறு பேரில் ஒருவருக்குத்தான் அப்படி எச்சரிக்கை வந்தது. வந்தவர்களில் நெஞ்சில் பட்டி ஒட்டிச் சோதித்தவர்களிடம், மூன்றில் ஒருவருக்கு அந்த நேரத்திலும் துடிப்புக் கோளாறு தெரிந்தது. ஆக, எச்சரிக்கை வந்தால் அலட்சியம் வேண்டாம், அழவும் வேண்டாம். அடுத்த கிளினிக்கில் காட்டுங்கள். தலைச்சுற்றோ மயக்கமோ சேர்ந்து வந்தால் அன்றே போங்கள்.

பெரியம்மாவுக்குக் கண் ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது அந்த ஈ.சி.ஜி.யைக் கிளினிக் கொப்பியோடு ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருக்கிறார். போன கிழமை போனபோது எடுத்துக் காட்டினார். ஆங்கிலம் தெரியாது, ஆனால் டொக்டர் பேனையால் வெட்டிய இடத்தையும் கீழே உள்ள கையெழுத்தையும் விரலால் தொட்டுக் காட்டினார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தாள் இருக்கும். மெஷின் என்ன சொன்னது, அதை உங்களுக்கு யார் விளங்கப்படுத்தினார்கள், அல்லது ஒருவரும் விளங்கப்படுத்தவில்லையா என்பதை எங்களுக்கு எழுதுங்கள். இதய நோய் டொக்டர் ஒருவரிடமும், பல வருடம் இதய நோய் வாட்டில் வேலைசெய்த தாதி ஒருவரிடமும் கொடுத்துப் பதில் வாங்கி அடுத்த இதழில் போடலாம் என்று நினைக்கிறேன். தாளைப் படமெடுத்து அனுப்புவதென்றால், பேரையும் கிளினிக் நம்பரையும் மறைத்துவிட்டு அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்